முதல் நாள் கரண்ட் கொடுக்காதீர்கள்: பரணில் கிடந்த ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரை ஓடவைப்பது எப்படி

செங்கோட்டையில் எங்கள் கடை அப்பா காலத்தில் ரேடியோ கடை. பிறகு டிவி கடை. இப்போது மிக்ஸி, இண்டக்‌ஷன் அடுப்பு, எல்இடி டிவி என்று எது வந்தாலும் பார்க்கிற கடை. பெயர்ப் பலகையில் மட்டும் இன்னும் ரேடியோதான். போன ஆடியில், சாரல் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், புனலூர்த் தம்பி ஒருவன் ஆரியங்காவு வழியாக பஸ்ஸில் வந்து இறங்கினான். லுங்கியில் சுற்றியிருந்த ஒரு சாமானை மேசைமேல் வைத்து, "சேச்சி, இது சரியாகுமோ?" என்றான்.

பிரித்தால் கறுப்புப் பலகை, சாம்பல் நிற ரப்பர் சாவிகள், வலது மூலையில் வானவில் கோடு. சின்கிளேர் ஸ்பெக்ட்ரம் 48கே. டிவியோடு சேர்த்து ஓட்டுகிற, எண்பதுகளின் வீட்டுக் கம்ப்யூட்டர்; 48கே என்பது அதன் மெமரி அளவு. அவன் அப்பா 1985-ல் துபாயிலிருந்து கொண்டுவந்ததாம். அப்படி ஒன்றை நான் சின்னப் பிள்ளையில் பார்த்திருக்கிறேன். கொல்லம் பக்கத்து வளைகுடா வீடு ஒன்றிலிருந்து வந்த மெஷினை அப்பா பிரிக்க, நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கரண்ட் போட்டுப் பாத்தியாப்பா?"

"பாத்தேன் சேச்சி. வைஃபை டப்பாவோட அடாப்டர் கரெக்டா சேர்ந்துச்சு."

சேரும். அதுதான் வினை.

ஸ்பெக்ட்ரத்தின் சப்ளை 9 வோல்ட் டிசி, 1.4 ஆம்பியர். பின்னின் நடுவில் மைனஸ், வெளியில் பிளஸ். இப்போது கடைகளில் கிடைக்கிற எலிமினேட்டர், ரவுட்டர் அடாப்டர், சிசிடிவி அடாப்டர் எல்லாம் பெரும்பாலும் இதற்குத் தலைகீழ்: நடுவில் பிளஸ். ஓட்டை அளவு ஒன்றாக இருப்பதால் சுகமாக உள்ளே போய்விடும். மெஷினில் ஆன் ஆஃப் சுவிட்சும் கிடையாது. சொருகின மறு நொடி வேலை முடிந்திருக்கும். முப்பது வருசம் பரணில் எலி, கரப்பான், ஈரம் எல்லாவற்றையும் தாங்கிய மெஷின்கள், கண்டுபிடித்த அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் கையாலேயே செத்துப் போவதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் கையில் இப்படி ஒன்று கிடைத்தால் முதல் நாள் பிளக் பக்கமே போகாதீர்கள்.

காயவைப்பது

எங்கள் ஊரில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கணவாய் வழியாக வருகிற காற்று துணியையே காயவிடாது. போர்டு எங்கே காயும்? அப்பா ரேடியோக்களுக்குச் செய்ததையே நானும் செய்கிறேன். ஒரு மரப்பெட்டி, அதற்குள் 40 வாட் குண்டு பல்பு, மேலே கம்பி வலை, வலைமேல் திறந்து வைத்த மெஷின். ரெண்டு நாள். கை வைத்தால் இளஞ்சூடாக இருக்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். ஹேர் ட்ரையரை வைத்து அவசரப்படுத்தினால் ரப்பர் சாவிக்கு அடியில் இருக்கிற மெம்பிரேன், அதாவது சாவியின் கனெக்‌ஷன் அச்சிட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள், சுருங்கும்.

திறப்பது சுலபம்: அடியில் ஐந்து திருகு. மேல் மூடியைத் தூக்கும்போதுதான் கவனம். சாவிப் பலகையிலிருந்து ரெண்டு ரிப்பன் வால் போர்டுக்கு இறங்குகிறது, ஒன்றில் 5 கம்பி, இன்னொன்றில் 8. பழைய மெஷினில் இந்த வால் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். வெடுக்கென்று தூக்கினால் முறிந்துவிடும். முறிந்தாலும் பதற வேண்டாம், புது மெம்பிரேன் இன்றைக்கும் செய்து விற்கிறார்கள், ஆன்லைனில் கிடைக்கிறது.

இந்தத் தம்பியின் மெஷினுக்குள் ரெண்டு பல்லி முட்டை ஓடு, வெளிச் சாமான்களைச் சொருகுகிற பின்பக்க எட்ஜ் கனெக்டரில் குளவி கட்டின மண், மெமரி ஐசிகளின் கால்களில் பச்சைக் களிம்பு. மண்ணை மூங்கில் குச்சியால் தட்டி எடுத்தேன். களிம்புக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். பெயின்ட் கடை தின்னரை எடுக்காதீர்கள், சாவிப் பலகையின் எழுத்தெல்லாம் கரைந்து பிரஷ்ஷோடு வந்துவிடும். ஸ்பெக்ட்ரத்தில் பேட்டரி கிடையாது என்பது ஒரு புண்ணியம். அமிகா 500-க்குப் போடுகிற மெமரி கார்டு மாதிரி, கடிகாரத்துக்கு நிக்கல் காட்மியம் பேட்டரி வைத்த சாமான் வந்தால் அந்த பேட்டரியை அன்றைக்கே வெட்டி எடுத்துவிடுவேன். அது ஒழுகினால் போர்டின் டிராக்கையே, அதாவது செம்புக் கோட்டையே, தின்றுவிடும்.

மீட்டர் மட்டும், கரண்ட் இல்லாமல்

இந்த மெஷினுக்குள் மூன்று சப்ளை ஓடுகிறது. வெளியிலிருந்து வருகிற 9 வோல்ட் 7805 ரெகுலேட்டருக்குப் போய் 5 வோல்ட் ஆகிறது. அதே 9 வோல்ட்டிலிருந்து டிஆர் 4, டிஆர் 5 என்ற ரெண்டு டிரான்சிஸ்டரும் ஒரு சின்னக் காயிலும் சேர்ந்து 12 வோல்ட்டையும் மைனஸ் 5 வோல்ட்டையும் உண்டாக்குகின்றன. இந்த 12-ம் மைனஸ் 5-ம் வேண்டுமென்று கேட்பது கீழ் மெமரிக்கான, அதாவது முதல் 16கே-க்கான, எட்டு 4116 ஐசிகள், போர்டில் ஐசி 6 முதல் ஐசி 13 வரை. ஸ்பெக்ட்ரம் கெட்டுப்போகிற கதையில் முக்கால்வாசி இந்த மூன்று சப்ளைக்கும் எட்டு ஐசிக்கும் நடுவில்தான் நடக்கிறது. அதனால் இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

4116-ன் கால்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 1-ல் மைனஸ் 5. 8-ல் 12. 9-ல் 5. 16-ல் கிரவுண்ட். சப்ளை எதுவும் இல்லாமல் மீட்டரை ஓம்ஸில் வைத்து, 16-க்கும் மற்ற மூன்றுக்கும் தனித்தனியே பாருங்கள். பிறகு 8-க்கும் 9-க்கும் இடையில். ரெண்டு மூன்று ஓம் காட்டினால் அந்த லைனில் ஷார்ட் இருக்கிறது. ஒரு ஐசியோ கண்டென்சரோ உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுக்காமல் கரண்ட் கொடுத்தால் டிஆர் 4 போகும்.

அடுத்து டிஆர் 4. இசட்டிஎக்ஸ் 650 என்று எண். மீட்டரை டயோடில் வைத்து, நடுக்கால் பேஸிலிருந்து ரெண்டு பக்கமும் 0.6, 0.7 மாதிரி வர வேண்டும். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவில் ஒன்றும் வரக்கூடாது. தம்பியின் மெஷினில் பீப் என்று ஒரே சத்தம். 7805-ம் போயிருந்தது. வைஃபை அடாப்டரின் கைங்கரியம்.

இதில் ஒரு தப்பை நானும் செய்திருக்கிறேன். வேறொரு மெஷினில், ஞாயிற்றுக்கிழமை, கடை எதுவும் திறக்கவில்லை, டப்பாவில் பிசி 547 என்ற சின்ன டிரான்சிஸ்டர் கிடந்தது. கால் வரிசை ஒன்றுதானே என்று வைத்துவிட்டேன். 547 தாங்குவது 100 மில்லி ஆம்பியர், 650 தாங்குவது 2 ஆம்பியர். நாலு எண்ணுவதற்குள் புகை. அப்பா இருந்திருந்தால் எஸ்எல் 100 என்ற பழைய டிரான்சிஸ்டரை வைத்திருப்பார். அவர் எல்லா நோய்க்கும் எஸ்எல் 100 கொடுப்பவர். அதையும் இந்த இடத்தில் நான் வைக்க மாட்டேன். 650 அல்லது 651, கிடைக்கும்வரை காத்திருங்கள்.

எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 22, 100, 4.7, 1 மைக்ரோஃபாரட் என்று படுக்கை வாட்டத்தில் பத்துப் பதினைந்து இருக்கும். நாற்பது வயசு ஆகிவிட்டதால் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம், விலை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் முதல் வேலையாக மாற்றாதீர்கள். மெஷின் ஓடாத நிலையில் பதினைந்து இடத்தில் ஈயம் வைத்தால், பழைய கோளாறோடு நீங்கள் செய்த கோளாறும் சேர்ந்துவிடும், பிறகு எது எதுவென்று பிரிக்க முடியாது. ஓடவைத்த பிறகு, ஒவ்வொன்றாக, கழற்றுவதற்கு முன் பிளஸ் எந்தப் பக்கம் என்று போனில் படம் எடுத்துக்கொண்டு மாற்றுங்கள்.

இப்போது கரண்ட்

வோல்ட்டையும் ஆம்பியரையும் திருகி வைக்கிற பெஞ்ச் சப்ளை இருப்பவர்கள் 9 வோல்ட், 1 ஆம்பியர் என்று எல்லை போட்டுக் கொடுங்கள். இல்லாதவர்களுக்கு எங்கள் தொழிலின் பழைய வழி சீரியஸ் பல்பு. கார் இண்டிகேட்டரில் வருகிற 12 வோல்ட் 21 வாட் பல்பைப் பிளஸ் கம்பியில் தொடராகச் சேருங்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரியும், மெஷின் பிழைக்கும். மங்கலாகத் தணல் மாதிரி இருந்தால் நல்ல சகுனம். எட்ஜ் கனெக்டரில் எதுவும் சொருகியிருக்கக் கூடாது. எதையும் கரண்ட் இருக்கும்போது அங்கே சொருகவும் கூடாது, உருவவும் கூடாது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் ஜாய்ஸ்டிக் டப்பாவை அப்படிச் சொருகியே எத்தனையோ மெஷினைக் கொன்றார்கள்.

பழைய ஒரிஜினல் அடாப்டர் கூடவே வந்திருந்தால், மெஷின் இல்லாமல் அளக்கும்போது 12, 13 வோல்ட் காட்டும். பயப்படாதீர்கள், அது ரெகுலேட் ஆகாத சப்ளை, லோடு ஏறினால் இறங்கிவிடும்.

கறுப்புக் கம்பியைக் கிரவுண்டில் வைத்துக்கொண்டு மூன்று சப்ளையையும் 4116-ன் காலிலேயே பாருங்கள். 5 வோல்ட் என்பது 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில். 12 இருக்க வேண்டிய இடத்தில் குறைச்சலாகவும், மைனஸ் 5 இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யமாகவும் இருந்தால் டிஆர் 4 பகுதி ஓடவில்லை. உடனே பிடுங்கிவிடுங்கள். மைனஸ் 5 இல்லாமல் மற்ற ரெண்டும் மட்டும் இருந்தால் 4116 கெட்டுவிடும். "கொஞ்ச நேரம் பார்ப்போமே" என்று விட்டுவைக்கிற விஷயம் இல்லை இது.

7805-ம் டிஆர் 4-ம் மாற்றியபின் தம்பியின் மெஷினில் மூன்று சப்ளையும் வந்தது. தொட்டால் 7805-ன் அலுமினியத் தகடு தோசைக்கல் மாதிரி சுடும். அது இயல்பு. இப்போது 7805 வடிவத்திலேயே, அதே மூன்று காலோடு, ஸ்விட்சிங் ரெகுலேட்டர் வருகிறது. அதை வைத்தால் சூடே இல்லை. நம் ஊர் வெயிலுக்கு அது நல்லது, நான் அதையே வைக்கிறேன். பழசு பழசாகவே இருக்க வேண்டும் என்பவர்கள் 7805-ஐயே வைத்து, தகட்டுக்கு நடுவில் புது ஹீட் பேஸ்ட் தடவுங்கள்.

படம்

இந்த மெஷின் டிவிக்குக் கொடுப்பது யுஹெச்எஃப் 36-ம் சேனலில் ஒரு சிக்னல். வீட்டில் பழைய குண்டு டிவி இருந்தால் அதில் தேடிப் பிடிக்கலாம். சத்தம் டிவியில் வராது, மெஷினுக்குள் இருக்கிற சின்ன ஸ்பீக்கர்தான் கீச்சிடும். அதைக் கோளாறு என்று நினைத்து ரெண்டு நாள் வீணாக்கினவரை எனக்குத் தெரியும்.

புது டிவிக்கு ஏவி வழியே கொடுப்பது மேல். போர்டின் மூலையில் இருக்கிற தகர டப்பாதான் மாடுலேட்டர், வீடியோவை டிவி சேனல் சிக்னலாக மாற்றுவது. அதற்குள் ரெண்டு கம்பி போகிறது, ஒன்று 5 வோல்ட், இன்னொன்று வீடியோ. ரெண்டையும் கழற்றுங்கள். 5 வோல்ட் கம்பிக்கு ஸ்லீவ் போட்டு ஒதுக்கிவிடுங்கள். டப்பாவுக்குள் நடு பின்னுக்கு வருகிற ரெசிஸ்டர் காலை எடுத்துவிட்டு, வீடியோ கம்பியை நேராக நடு பின்னில் வையுங்கள். அவ்வளவுதான், ஏவி ரெடி.

நல்ல மெஷின் என்றால் திரை ஒரு நொடி கறுத்து, சிவப்புக் கோடுகள் ஓடி, பிறகு வெள்ளையாகி, கீழே "1982 சின்கிளேர் ரிசர்ச்" என்று ஆங்கிலத்தில் எழுத்து வரும். அந்தச் சிவப்புக் கோடு மெஷின் தன் மெமரியைத் தானே சோதித்துப் பார்ப்பது. எங்களுக்கு வந்தது திரை முழுக்க மேலிருந்து கீழாக, ஒரே இடைவெளியில் மெல்லிய கோடுகள். நான் சந்தோஷப்பட்டேன், தம்பி முகம் தொங்கிப்போயிற்று. இப்படி ஒழுங்கான இடைவெளியில் கோடு வந்தால் நோய் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். கீழ் மெமரியின் எட்டு ஐசியும் ஒரு பைட்டின் எட்டு பிட்டுகள், ஆளுக்கு ஒன்று. அவற்றில் ஒன்று கெட்டால் ஒவ்வொரு எட்டுப் புள்ளியிலும் அதே இடத்தில் கோடு விழும்.

எது என்று கண்டுபிடிக்க முதலில் விரலை வையுங்கள். எட்டில் ஒன்று மட்டும் சுட்டால் அதுதான். சுடவில்லை என்றால், கரண்டை எடுத்துவிட்டு, நல்ல 4116 ஒன்றைச் சந்தேகப்படுகிற ஐசியின் முதுகில் கால் காலாகப் பொருந்துமாறு அமுக்கி வைத்து மறுபடி கரண்ட் கொடுங்கள். யானை முதுகில் குட்டி மாதிரி. படம் மாறினால் கீழே இருப்பது கெட்டது. எப்போதும் இது பலிக்காது. ஷார்ட் ஆகாமல் வெறுமனே செத்த ஐசிக்குத்தான் பலிக்கும். எனக்கு ஐந்தாவது ஐசியில் பலித்தது.

கழற்றும்போது ஐசியைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், போர்டைக் காப்பாற்றுங்கள். கட்டரால் பதினாறு காலையும் வெட்டி, உடம்பை எடுத்து எறிந்துவிட்டு, ஒவ்வொரு காலாகச் சூடு காட்டி உருவுங்கள். ஓட்டையில் இருக்கிற ஈயத்தை உறிஞ்சு பம்ப்பால் எடுத்துவிட்டு சாக்கெட் வையுங்கள். அந்தக் கால போர்டின் டிராக் சூட்டில் எழும்பிவிடும், மூன்று நொடிக்கு மேல் அயர்னை ஒரே இடத்தில் வைக்க வேண்டாம்.

4116 இப்போது யாரும் செய்வதில்லை. நான் பழைய போர்டுகளிலிருந்து எடுத்து டப்பாவில் வைத்திருக்கிறேன். சென்னை ரிச்சி தெருவில் தேடலாம். ஆன்லைனில் வாங்கினால் மேலே புதிதாக எழுத்து அச்சடித்த டூப்ளிகேட்டும் வரும் என்று தெரிந்தே வாங்குங்கள். "4164 மெமரி ஐசி இருக்கு, அதுவும் 16 கால்தானே" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 4164-க்கு எட்டாம் காலில் 5 வோல்ட் வேண்டும், இந்த இடத்தில் இருப்பது 12. போர்டில் டிராக் வெட்டி மாற்றாமல் வைத்தால் அது அங்கேயே கருகும்.

படத்தையும் சாவியையும் கவனிக்கிற நாற்பது கால் பெரிய ஐசியான யுஎல்ஏ மேல் எல்லாருக்கும் முதல் சந்தேகம் வரும், அது சுடும் என்பதால். சுடுவது அதன் குணம். சாக்கெட்டில் உட்கார்ந்திருப்பதால் ஒருமுறை மெல்லக் கழற்றி, காலைத் துடைத்து, திரும்ப வையுங்கள். அதற்கு மேல் அதைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள்.

48-ஆ, 16-ஆ?

எழுத்து வந்துவிட்டது என்று மூடிவிடாதீர்கள். மேல் மெமரி கெட்டிருந்தாலும் மெஷின் ஒன்றும் சொல்லாமல் 16கே மாதிரி ஓடும். பிறகு கேம் ஏற்றும்போதுதான் கழுத்தறுக்கும். பிரிண்ட் பீக் 23732+256*பீக் 23733 என்று அடித்து என்டர் தட்டுங்கள். பீக் என்பதை எழுத்தெழுத்தாக அடிக்க முடியாது. கேப்ஸ் ஷிஃப்ட்டையும் சிம்பல் ஷிஃப்ட்டையும் சேர்த்து அமுக்கி விட்டு, 'ஓ' சாவியைத் தட்டினால் முழு வார்த்தையும் வரும். விடை 65535 என்றால் 48கே முழுதாக இருக்கிறது. 32767 என்றால் மேல் 32கே காணவில்லை.

எங்களுக்கு 32767. அங்கே ஐசி எதுவும் சுடவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால், முன்பு களிம்பு துடைத்த ஒரு ஐசியின் காலைச் சுற்றி மோதிரம் மாதிரி விரிசல். புது ஈயம் வைத்தேன். 65535.

சாவி

சாவி வேலை செய்யவில்லை என்றால் எந்தெந்தச் சாவி என்று தாளில் எழுதுங்கள். 40 சாவியும் எட்டுக்கு ஐந்து என்று கட்டம் போட்டது. ஒரு வரிசையின் இடது பாதியோ வலது பாதியோ ஐந்து சாவி சேர்ந்து செத்திருந்தால் 8 கம்பி வாலில் ஒன்று போய்விட்டது. ரெண்டு ஓரத்திலும் மேலிருந்து கீழாக, 1, கியூ, ஏ, கேப்ஸ் ஷிஃப்ட், மறுபக்கம் 0, பி, என்டர், ஸ்பேஸ் என்று எட்டும் செத்திருந்தால் 5 கம்பி வாலில் ஒன்று. முறிவு வாலின் நுனியில் மட்டும் இருந்தால் கத்தரிக்கோலால் சில மில்லிமீட்டர் நேராக வெட்டித் திரும்பச் சொருகலாம். ஒரு தடவைக்குத் தாங்கும்.

கேசட்

டேப் ரெக்கார்டரின் பெல்ட் தார் மாதிரி உருகியிருக்கும், அது தனிக் கதை. போனிலிருந்தே ஏற்றலாம். கேமை ஆடியோ ஃபைலாக மாற்றி, ஹெட்போன் ஓட்டையிலிருந்து மெஷினின் இயர் ஓட்டைக்கு 3.5 மில்லிமீட்டர் கேபிள். ஜே சாவியைத் தட்டினால் லோட் வரும், பிறகு சிம்பல் ஷிஃப்ட்டோடு பி ரெண்டு தடவை, என்டர். போனில் சத்தம் முழுக்க. திரையின் ஓரம் முதலில் சிவப்பும் வெளிர் நீலமுமாக அகலக் கோடுகள், பிறகு நீலமும் மஞ்சளுமாக மெல்லிய கோடுகள் ஓடினால் ஏறுகிறது. 48கே நிரம்ப அஞ்சு நிமிசம் மாதிரி ஆகும். அதுவரை போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நாலரை நிமிசம் ஏறின பிறகு தம்பியின் அம்மா "எத்ர மணிக்கு வரும்?" என்று மெசேஜ் அனுப்ப, அந்த டிங் சத்தமும் மெஷினுக்குள் போய், டேப் லோடிங் எரர்.

ரெண்டாவது தடவை ஏறியது. மெஷினை மூடி, நடு மைனஸாக ஒரு 9 வோல்ட் அடாப்டர் கட்டிக் கொடுத்தேன். அதன் பிளக்கில் என் மகளின் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பட்டை, மெஷின் ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு பட்டை. அடாப்டர் கம்பியை மெஷினோடு சேர்த்து கேபிள் டையால் இறுக்கிவிட்டேன். வைஃபை டப்பாவின் அடாப்டரை எடுத்துத் தம்பியின் சட்டைப்பையில் தனியாக வைத்தேன்.